தபாற்பையும் விலைச்சீட்டும்: ஐக்கிய அமெரிக்காவிற் கருத்தடைக் குளிசையின் விலை குறித்த ஒரு வரலாற்று நோக்கு

காப்புறுதி ஏதுமற்ற பெண்ணொருத்தி இன்று ஐக்கிய அமெரிக்காவில் இணையவழியாகக் கருத்தடைக் குளிசை வாங்க முற்படின், ஒரு மாதப் பொதிக்கு ஏறத்தாழ 10 டொலர் முதல் 50 டொலர் வரை கொடுக்கவேண்டியிருக்கும். பெரும்பாலான குளிசைகளுக்கு மருந்துச்சீட்டு அவசியம். ஆதலால் அவள் வினாக்கொத்தொன்றை நிரப்பித் தனது இரத்த அழுத்தத்தின் அளவையும் குறித்தனுப்ப வேண்டும். அதனைப் பார்வையிடும் வைத்தியருக்குரிய கட்டணத்தையும் பொதுவாக வேறாகச் செலுத்த வேண்டும். பின்னர் பொதி தபாலில் வந்துசேரும். காப்புறுதியுள்ள அவளது அயல்வீட்டுப் பெண்ணுக்கோ அதே குளிசை, அதே தபாலில், ஒரு சதமும் வாங்கப்படாமற் கிடைக்கக்கூடும். தொழிற்சாலை ஒன்று, இரசாயனம் ஒன்று, பொதியின் நிறங்கூட ஒன்றே. கிராமத்துக் கிளினிக்கிலே மருத்துவமாதின் கையிலிருந்து இக்குளிசையை இலவசமாகப் பெற்றுப் பழகிய நம் நாட்டவர்க்கு இவ்வேறுபாடு உடனடியாக விளங்கக்கூடிய ஒன்றன்று. இது தோன்றிய வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கிய ஆராய்ச்சியில் ஈடுபட்டிருப்போர் மருந்தொன்றின் விலையை ஆராயப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். எனினும் விலைச்சீட்டும் ஒருவகை வாசகமே. அதனை எழுதியோர் பலர். அவர்களுட் பெரும்பாலோர் தம் பெயரை அதிற் பொறிப்பதில்லை. பண்டத்தினுள் மறைந்திருக்கும் சமூக உறவுகளை வாசிக்க வேண்டும் என்ற மார்க்சின் கருத்து நூல்களைப் பற்றியதன்று. சீலையையும் மேற்சட்டையையும் உதாரணமாகக் கொண்டு கூறப்பட்டது.

இன்னொரு தயக்கத்தையும் இங்கு கவனிக்க வேண்டும். கருத்தடை என்றதும் நம்மிடையே முற்போக்காளர் பலர் மல்தூசை நினைந்து முகஞ்சுளிப்பர். வறுமைக்குக் காரணம் வறியோரின் பிள்ளைகளே என்ற கோட்பாட்டின் மீது அவர்கள் கொண்ட வெறுப்பு நியாயமானது. மூன்றாம் உலக நாடுகளின் மீது குடித்தொகைக் கட்டுப்பாடு திணிக்கப்பட்ட முறையை அறிந்தோர்க்கு அவ்வெறுப்பு மேலும் வலுப்பெறுவதும் இயல்பே. ஆனால் 1913இல் இவ்விடயம் பற்றி எழுதிய லெனின், நவமல்தூசியத்தை வன்மையாகச் சாடிய அதே கட்டுரையில், கருத்தடை பற்றிய மருத்துவ அறிவைப் பரப்புவதைத் தடைசெய்யும் சட்டங்கள் ஒழிக்கப்படவேண்டும் என்றும் வற்புறுத்தினார். கோட்பாட்டை எதிர்ப்பது வேறு; பெண்ணின் கையிலிருந்து சாதனத்தைப் பறிப்பது வேறு. இவ்வேறுபாட்டை மறந்தமையால் நமது விமர்சனம் பலவேளைகளிற் பழைமைவாதிகளின் குரலோடு ஒத்து ஒலித்திருக்கிறது என்பதை நாம் ஒப்புக்கொள்ளவேண்டும்.

அமெரிக்காவில் இவ்வரலாறு தபாற்கந்தோரிலே தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்நாட்டுப் பத்திரிகைகளிற் கருத்தடைச் சாதனங்களும், பெண்களின் மாதவொழுங்கைச் சீர்செய்வன எனக் கூறப்பட்ட மருந்துகளும் தாராளமாக விளம்பரப்படுத்தப்பட்டன. அவை தபாலில் விற்கப்பட்டன. 1873இல் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய கொம்ஸ்ரொக் சட்டம், ஆபாசப் பொருள்களோடு ஒருசேரக் கருத்தடைச் சாதனங்களையும் அவை பற்றிய தகவல்களையும் தபாலில் அனுப்புவதைக் குற்றமாக்கியது. சட்டத்துக்குத் தன் பெயரை ஈந்த அந்தனி கொம்ஸ்ரொக் தபாற் திணைக்களத்தின் விசேட அதிகாரியாக நியமனம் பெற்றார். பொய்ப்பெயர்களிற் கடிதம் எழுதிச் சாதனங்களைக் கேட்பதும், அனுப்பியோரைச் சிறைப்பிடிப்பதும் அவர் கையாண்ட முறை.

தடை பண்டத்தை ஒழிக்கவில்லை. அதன் பெயரை மாற்றியது, விலையை உயர்த்தியது, தரத்தைக் கெடுத்தது. ‘பெண்களின் சுகாதாரம்’ என்ற மங்கலவழக்கின் கீழ், வீட்டுத் தரையைக் கழுவப் பயன்படும் லைசோல் போன்ற கிருமிநாசினிகள் 1920களிலும் 1930களிலும் பெண்களுக்கு விளம்பரப்படுத்தப்பட்டன. அவை கருத்தரிப்பைத் தடுக்கவில்லை என்பதோடு உடலைப் புண்படுத்தவும் செய்தன. இடக்கரடக்கல் பற்றி நாம் இலக்கண நூல்களிற் படிக்கிறோம். அது இலாபம் ஈட்டும் விதத்தை இவ்விளம்பரங்கள் காட்டுகின்றன.

தடையின் வர்க்க இயல்பு இரு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்து நோக்கும்போது தெளிவாகும். 1916 ஒக்டோபரில் நியூயோர்க்கின் புறூக்ளின் பகுதியிலுள்ள பிறவுன்ஸ்வில்லில், தொழிலாளர் செறிந்து வாழ்ந்த வீதியொன்றில், தாதியான மார்கிரட் சாங்கர் அந்நாட்டின் முதலாவது கருத்தடைக் கிளினிக்கைத் திறந்தார். துண்டுப்பிரசுரம் ஆங்கிலம், யிட்டிஷ், இத்தாலியம் ஆகிய மூன்று மொழிகளில் அச்சிடப்பட்டது. கட்டணம் 10 சதம். ஏறத்தாழப் பத்து நாட்களிற் பொலிசார் அதனை மூடினர். சாங்கர் 1917இல் 30 நாட் சிறைத்தண்டனை பெற்றார். சில ஆண்டுகளின் பின்னர், பெருஞ்செல்வக் குடும்பமொன்றில் மணம்புரிந்த கதரின் மக்கோர்மிக், ஐரோப்பாவிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட கருத்தடைத் திரைகளைத் தம் உடுப்புப் பெட்டிகளுள் மறைத்துக் கொணர்ந்து சாங்கருக்கு அளித்தார். சுங்க அதிகாரிகள் சீமாட்டியின் பெட்டியைக் கிளறிப் பார்க்கவில்லை. 10 சதத்துக்கு ஆலோசனை கேட்டு வரிசையில் நின்ற தையற்காரியின் கிளினிக்குக்குள் பொலிஸ் நுழைந்தது.

சாங்கரைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். தொழிற்சங்க, சோஷலிச வட்டாரங்களிற் தம் பணியைத் தொடங்கிய அவர், ஆண்டுகள் செல்லச் செல்லத் தனவந்தரையும் இனமேம்பாட்டுவாதிகளையும் சார்ந்துநின்றார். ‘தகுதியற்றோரின்’ பெருக்கம் பற்றி அவர் பேசியவை இன்று படிப்போர்க்கு அருவருப்பூட்டுவன. தனிமனித பலவீனம் என்று இதனை விட்டுவிட முடியாது. தொழிலாளர் இயக்கம் இக்கோரிக்கையைத் தனதாக்கத் தவறிய இடத்தில் மூலதனம் அதனைத் தனதாக்கிக் கொண்டது. குளிசைக்கான ஆராய்ச்சிக்கு அரசு நிதி வழங்கவில்லை. பெருமளவு பணம் மக்கோர்மிக்கின் சொந்தச் சொத்திலிருந்து வந்தது. அவர் வாழ்நாளில் இதற்கெனச் செலவிட்ட தொகை ஏறத்தாழ 20 இலட்சம் டொலர் என்பர்.

ஆராய்ச்சிக்குப் பணம் மட்டும் போதாது, மூலப்பொருளும் வேண்டும். 1940களின் தொடக்கத்திற் புரோஜெஸ்ரரோன் என்ற ஓமோன் கிராம் ஒன்று ஏறத்தாழ 80 டொலருக்கு விற்கப்பட்டது. மிருகங்களின் உறுப்புகளிலிருந்து இத்தகைய ஓமோன்களைச் சொற்ப அளவிற் பிரித்தெடுப்பதே அக்கால வழக்கம். பென்சில்வேனிய இரசாயன விஞ்ஞானியான றஸல் மார்க்கர், கிழங்குகளிலுள்ள ஒரு பொருளைப் புரோஜெஸ்ரரோனாக மாற்றும் முறையைக் கண்டறிந்தபின், 1942இல் மெக்சிக்கோவின் வெறாகுரூஸ் பகுதிக்குச் சென்று காட்டுவள்ளியினம் ஒன்றைத் தேடிப் பெற்றார். அமெரிக்க மருந்துக் கம்பனிகள் அவரை ஆதரிக்க முன்வரவில்லை. 1944இல் மெக்சிக்கோ நகரில் அவர் இருவருடன் கூட்டாகத் தொடங்கிய கம்பனியே சின்ரெக்ஸ். அடுத்த ஆண்டே அவர் அதனைவிட்டு விலகினார். ஆனால் 1951 ஒக்டோபரில் அதே கம்பனியின் ஆய்வுகூடத்தில், ஜோர்ஜ் றோசன்கிரான்ஸ், கார்ல் ஜெராசி ஆகியோரின் வழிகாட்டலில், லூயிஸ் மிராமொன்ரெஸ் என்ற மெக்சிக்க மாணவர் நொரெதிஸ்ரரோனைத் தொகுத்தார். கருத்தடைக் குளிசையின் அடிப்படைப் பொருள்களுள் அது ஒன்றாயிற்று.

பர்பாஸ்கோ எனப்படும் அக்கிழங்கை வெறாகுரூஸ், ஒவாஹாக்கா முதலிய மாநிலங்களின் ஈரக்காடுகளில் தோண்டியெடுத்தவர்கள் காணியற்ற அல்லது சிறுகாணியுடைய விவசாயிகள். கிழங்கைத் தோண்டித் தோளிற் சுமந்து கொண்டுவந்து இடைத்தரகரிடம் நிறுத்துக் கொடுத்துச் சில பெசோக்களைப் பெற்ற அவர்களுட் பெரும்பாலோர், அது எதற்குப் பயன்படுகிறது என்பதைக்கூட அறியார். தன் உழைப்பின் விளைவிலிருந்து அந்நியப்படல் என்பதற்கு இதைவிட வெளிப்படையான உதாரணம் தேடவேண்டியதில்லை. 1950களிற் சின்ரெக்ஸ் அமெரிக்க மூலதனத்தின் கைக்கு மாறியது. 1975இல் மெக்சிக்க அரசு, ஜனாதிபதி எச்செவெறியாவின் காலத்தில், புறொக்கிவெமெக்ஸ் என்ற அரச கம்பனியை நிறுவிக் கிழங்கின் விலையை உயர்த்த முனைந்தது. ஆனால் காலம் கடந்துவிட்டிருந்தது. பல்தேசியக் கம்பனிகள் சோயா முதலிய வேறு மூலப்பொருள்களுக்கும் முழுத் தொகுப்பு முறைகளுக்கும் மாறத் தொடங்கியிருந்தன. காட்டில் வேலை அருகியது. குளிசையின் விலையில் அவ்விவசாயிக்குரிய பங்கு எக்காலத்திலும் எண்ணத்தக்கதாயிருக்கவில்லை; பின்னர் அதுவும் இல்லாதொழிந்தது.

குளிசை மனித உடலிற் சோதிக்கப்பட்ட வரலாறும் இதற்கு இயைந்ததே. கிறெகறி பிங்கஸ், யோன் றொக் ஆகிய ஆய்வாளர்கள் பணிபுரிந்த மசச்சூசெற்ஸ் மாநிலத்திற் கருத்தடை சட்டவிரோதமாயிருந்தது. ஆகவே 1956 ஏப்ரலிற் பெரும் பரிசோதனை அமெரிக்காவின் ஆட்சிக்குட்பட்ட புவேர்ட்டோ றிக்கோவில், றியோ பியெத்றாஸ் என்ற இடத்திலிருந்த வறியோர் குடியிருப்பில் ஆரம்பமாயிற்று. பிள்ளைப்பேற்றைத் தவிர்க்கும் மருந்து என்பதை அப்பெண்கள் அறிவர்; தாம் பரிசோதனைக்குட்படுத்தப்படுகிறோம் என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. பொறுப்பாயிருந்த வைத்தியரான எட்றிஸ் றைஸ் றே, பெண்களில் 17 வீதத்தினர் குமட்டல், தலைச்சுற்று, தலைவலி முதலியவற்றால் வருந்தினர் எனவும், இத்துணைப் பக்கவிளைவுகள் கொண்ட மருந்து பொதுப்பாவனைக்கு ஏற்றதன்று எனவும் அறிக்கையிட்டார். ஆய்வாளர்கள் அவ்வருத்தங்களுட் பல மனத்தின் கற்பனை என்றனர். பரிசோதனைக் காலத்தில் மூன்று பெண்கள் இறந்தனர். பிரேதபரிசோதனை நடத்தப்படவில்லை.

1957இல் சேர்ள் கம்பனியின் ‘எனோவிட்’ குளிசை மாதவிடாய்க் கோளாறுகளுக்கான மருந்தாக அனுமதி பெற்றது. கருத்தரிப்பைத் தடுக்கக்கூடும் என்ற எச்சரிக்கை அதனுடன் இணைக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கையே விளம்பரமாயிற்று. 1959 அளவில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பெண்கள் அதனை உட்கொண்டனர் என்பர். அந்நாட்டிலே மாதவிடாய்க் கோளாறு திடீரெனப் பெருகிய ஆண்டுகள் அவை! 1960இற் கருத்தடைக்கென வெளிப்படையாக அனுமதி கிடைத்தது.

அப்போது ஓராண்டுக்குரிய எனோவிட் ஏறத்தாழ 100 டொலருக்கு விற்கப்பட்டது. அவ்வாண்டிற் சமஷ்டிச் சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலி மணித்தியாலத்துக்கு ஒரு டொலர். எனவே குறைந்த கூலி பெறும் பெண்ணொருத்தி ஆண்டில் நூறு மணித்தியாலம், அதாவது இரண்டரை வாரம், குளிசைக்காகவே உழைக்கவேண்டியிருந்தது. மருந்துச்சீட்டுக்கு வைத்தியரிடம் செல்லும் செலவு இதிலடங்காது. மருந்தின் பளுவை முதலிற் தாங்கியவர்கள் வறிய பெண்கள். கடைக்கு வந்தபோது அதனை எளிதில் வாங்கக்கூடியவர்கள் நடுத்தர வர்க்கப் பெண்கள். பிற்காலத்தில் அறுபதுகளைப் பெண்விடுதலையின் தசாப்தமாக வருணித்தோர் இக்கணக்கை இட்டுப் பார்த்ததில்லை.

1965இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் மணமான தம்பதியர் கருத்தடையைப் பயன்படுத்தும் உரிமையை ஏற்றது. 1972இல் மணமாகாதோர்க்கும் அவ்வுரிமையை விரித்தது. இடையில், 1971இல், கொம்ஸ்ரொக் சட்டத்திலிருந்து கருத்தடைச் சாதனங்கள் நீக்கப்பட்டன. தபாற்பை சட்டபூர்வமாகத் திறந்தது. ஆயினும் நீதிமன்றங்கள் வழங்கிய உரிமையின் தன்மையை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். அது அந்தரங்கத்தின் பெயரால் வழங்கப்பட்டது. அரசு படுக்கையறைக்குள் நுழையக்கூடாது என்றது. குளிசைக்கு யார் பணம் கொடுப்பது என்ற வினா அங்கு எழவில்லை. தடை நீங்கிய இடத்தில் விலை வந்து நின்றது.

அவ்வினாவுக்கு ஓரளவு விடையளித்தவை வேறு சட்டங்கள். 1970இன் இறுதியில் நிக்சன் கையெழுத்திட்ட குடும்பத்திட்டச் சட்டத்தின் கீழ் வறுமைக்கோட்டுக்குட்பட்டோர்க்கு இலவசமாகவும், சற்று மேற்பட்டோர்க்கு வருமானத்துக்கேற்ற கட்டணத்திலும் கிளினிக்குகள் சேவை வழங்கின. 1972இல் வறியோர்க்கான அரச மருத்துவக் காப்பான மெடிக்கெயிட் குடும்பத்திட்டச் செலவில் 90 வீதத்தைச் சமஷ்டி அரசு ஏற்க வழிசெய்தது. இவை சிறு சாதனைகள் அல்ல. ஆயினும் இவற்றின் பின்னணியில், நலன்புரிப் பட்டியலிலுள்ள வறிய கறுப்பினப் பெண்களின் பிள்ளைகளைக் குறைக்கும் எண்ணமும் ஆளும் வட்டாரங்களில் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. உரிமையும் கட்டுப்பாடும் ஒரே வாயிலால் நுழைந்தன.

வறியோருமல்லாத, வசதி படைத்தோருமல்லாத உழைக்கும் பெண்கள் இவ்விரண்டுக்கும் இடையில் நின்றனர். அவர்களது நிலை காப்புறுதியைப் பொறுத்தது. அமெரிக்காவிற் காப்புறுதி தொழிலோடு பிணைக்கப்பட்டமை இரண்டாம் உலகப்போர்க் காலத்து விளைவாகும். 1942இற் கூலியுயர்வுகள் கட்டுப்படுத்தப்பட்டபோது, தொழிலாளரைக் கவர முதலாளிகள் கூலிக்குப் பதிலாக மருத்துவக் காப்புறுதியை வழங்கினர். 1954இன் வரிச்சட்டம் இதற்கு நிலையான சலுகையளித்தது. இவ்வாறு தொழிலாளியின் உடல்நலம் முதலாளியின் கையேட்டில் ஒரு பதிவாயிற்று. அப்பதிவிற் கருத்தடைக்குப் பெரும்பாலும் இடமிருக்கவில்லை. கருத்தரித்தல் நோயன்று, ஆகவே அதனைத் தடுப்பது சிகிச்சையன்று என்பது தருக்கம்.

இத்தருக்கத்தின் போலித்தன்மை 1998இல் அம்பலமாயிற்று. அவ்வாண்டு மார்ச்சில் ஆண்களுக்கான வயாகரா அனுமதி பெற்றது. சில வாரங்களிலேயே பல காப்புறுதிக் கம்பனிகள் அதற்குப் பணம் கொடுக்கத் தொடங்கின. முப்பத்தெட்டு ஆண்டுகளாகக் கதவுக்கு வெளியே நின்ற குளிசையைப் பற்றிய கேள்வி அப்போதுதான் பலமாக எழுந்தது. அதே ஆண்டு மேரிலாண்ட் மாநிலம் காப்புறுதியிற் கருத்தடையைக் கட்டாயமாக்கியது. 2001இல் சியாற்றில் சமஷ்டி நீதிமன்றம், பார்ட்டெல் மருந்துக்கடைக் கம்பனி தன் ஊழியரின் காப்புறுதியிலிருந்து கருத்தடையை விலக்கியமை பெண்களுக்கெதிரான பாரபட்சம் எனத் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்த பெண் அக்கம்பனியின் மருந்தாளர். பிறர்க்குக் குளிசையை எண்ணிக் கொடுப்பது அவரது தொழில். தான் விநியோகிக்கும் பண்டத்துக்குத் தனது தொழிலின் பயனாகிய காப்புறுதி உதவாது என்பதைக் கண்ட அவர், நூற்றாண்டுக்கால முரண்பாடொன்றைச் சட்டத்தின் மொழியில் எழுதியவராகிறார்.

2010இன் சுகாதாரச் சட்டத்தின் கீழ், 2012 ஓகஸ்ட் முதல் பெரும்பாலான காப்புறுதித் திட்டங்கள் கருத்தடைக்கு நோயாளியிடம் பணம் வாங்கலாகாது என விதிக்கப்பட்டது. அதற்குச் சற்று முன்னர், யேசுசபைப் பல்கலைக்கழகமொன்றின் சட்ட மாணவியான சண்ட்றா புளூக், மூன்றாண்டுப் படிப்புக் காலத்திற் கருத்தடைக்கு 3,000 டொலர் வரை செலவாகலாம் எனக் காங்கிரஸ் உறுப்பினர் சிலர்முன் கூறினார். வானொலிப் பேச்சாளர் ஒருவர் அவரை விலைமாதெனத் தூற்றிப் பின்னர் மன்னிப்புக் கேட்டார். விலையைப் பற்றிப் பேசிய பெண்ணுக்கே விலை கூறப்பட்டது. 2014இல் ஹொபி லொபி என்ற குடும்ப வாணிபக் கம்பனியின் வழக்கில், உரிமையாளரின் மதநம்பிக்கையை முன்னிட்டு இவ்விதியிலிருந்து அத்தகைய கம்பனிகள் விலகலாம் என உயர் நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. அக்கம்பனி எதிர்த்தது நாளாந்தக் குளிசையையன்று. வேறு நான்கு முறைகளையே. ஆனால் நிலைநாட்டப்பட்ட தத்துவம் குளிசைக்கும் பொருந்தும். மூலதனத்துக்கு மனச்சாட்சி உண்டு என்பது சட்டமாயிற்று. 2020இல் இவ்விலக்கு மேலும் விரிவாக்கப்பட்டமையை நீதிமன்றம் ஏற்றது.

விலை சட்டத்தினால் ஆக்கப்படுவது என்பதற்குச் சான்றாக, அதிகம் பேசப்படாத ஓர் அத்தியாயத்தை இங்கு சற்று விரிவாக நோக்கலாம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் மருத்துவ நிலையங்களில் மாணவியர் நெடுங்காலமாக மாதம் 5 முதல் 10 டொலருக்குக் குளிசை வாங்கிவந்தனர். கம்பனிகள் அந்நிலையங்களுக்குப் பெயரளவு விலையிற் குளிசை வழங்கின. இது தருமமன்று என்பது என் துணிபு. இருபது வயதிற் பழகிய பெயரை முப்பது வயதிலும் கேட்டு வாங்குவர் என்ற கணக்கு இதன் பின்னால் இருந்திருக்கும். மருந்துக் கம்பனி எவருக்கேனும் மிகக்குறைந்த விலையில் விற்பின், அதற்கேற்ற கழிவை மெடிக்கெயிட்டுக்கும் அளிக்கவேண்டும் என்பது சட்டம். பெயரளவு விலைகள் மட்டும் அக்கணக்கிற் சேர்க்கப்படுவதில்லை. செலவுக் குறைப்புக்கென இயற்றப்பட்ட 2005ஆம் ஆண்டின் சட்டமொன்று இவ்விதிவிலக்கைச் சில நிறுவனங்களுக்கு மாத்திரம் சுருக்கியது. பல்கலைக்கழக நிலையங்கள் பட்டியலில் இடம்பெறவில்லை. 2007 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. கம்பனிகள் சலுகையை நிறுத்தின. மாணவியர் மாதம் 30 முதல் 50 டொலர் கொடுக்கவேண்டியதாயிற்று.

ஆலையில் எதுவும் மாறவில்லை. மூலப்பொருளின் விலை ஏறவில்லை. தொழிலாளரின் கூலி உயரவில்லை. கணக்கியல் வரைவிலக்கணம் ஒன்றில் ஒரு பட்டியல் சுருங்கியது. விலை ஐந்து மடங்காயிற்று. 2009 மார்ச்சில் வேறொரு சட்டத்தில் அப்பட்டியல் திருத்தப்பட்டு விதிவிலக்கு மீண்டது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளிற் பட்டியலை மறந்தவர் எவர் என்பதற்குக் காங்கிரசில் எவரும் பொறுப்பேற்கவில்லை. சந்தையின் கண்காணாக் கரம் என்பர். இங்கே கரத்தை நன்றாகவே காணமுடிகிறது. அது பேனா பிடித்திருந்தது.

இந்நிலைமையில் இணையம் வருகிறது. 2010களின் நடுப்பகுதி முதல் வினாக்கொத்தைக் கொண்டு மருந்துச்சீட்டு வழங்கித் தபாலில் குளிசை அனுப்பும் கம்பனிகள் அமெரிக்காவிற் பெருகின. கிளினிக் தொலைவிலுள்ள பகுதிகளில் வாழ்வோர்க்கும், பகல்வேளையில் விடுப்புப் பெறமுடியாத தொழிலாளர்க்கும் இது உண்மையான உதவி. இதனை இகழ்வது பட்டணத்தில் வாழ்வோரின் சொகுசு. ஆனால் காப்புறுதியற்றவளின் திரையிலே தோன்றும் விலைகளின் பேதத்தைப் பாருங்கள். 2007இல் வோல்மார்ட் கடைகள் சில குளிசைகளை மாதம் 9 டொலருக்கு விற்க முற்பட்டன. 2022இல் தொடங்கப்பட்ட இணைய மருந்துக்கடையொன்று கொள்விலையோடு 15 வீத இலாபத்தையும் மருந்தாளர் கூலியையும் தபாற்செலவையும் சேர்த்து விற்பதாகப் பகிரங்கமாக அறிவித்தது. வியாபாரி தன் இலாபவீதத்தைக் கூறியமை பெரும் புதுமையாகப் பேசப்பட்டது என்பதே ஏனைய விலைகள் எத்தகைய இருளில் நிர்ணயிக்கப்படுகின்றன என்பதற்குச் சாட்சி. அதே ஓமோன்களைக் கொண்ட குளிசை வேறொரு பெயரில் பல மடங்கு விலைக்கு விற்கப்படுகிறது.

காப்புறுதியற்றோர் கழிவுச்சீட்டுகளை நாடுகின்றனர். அத்தகைய சீட்டுகளை வழங்கும் ‘குட்ஆர்எக்ஸ்’ என்ற கம்பனி, தன்னை நாடியோரின் மருந்துகளையும் நோய்களையும் பற்றிய விபரங்களை முகநூல், கூகிள் முதலியவற்றுக்குக் கொடுத்தது எனச் சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு 2023 பெப்ரவரியிற் குற்றஞ்சாட்டியது. கம்பனி 15 இலட்சம் டொலர் தண்டம் செலுத்த இணங்கியது. கொம்ஸ்ரொக் பொய்ப்பெயரிற் கடிதமெழுதிப் பெண்களின் இரகசியத்தை அறிய முயன்றார். இன்று அவ்விரகசியம் ஒரு பண்டம். பணத்தாற் குறைக்கப்பட்ட விலையின் ஒரு பகுதி அதனால் ஈடுசெய்யப்படுகிறது.

2023 யூலை 13ஆம் நாள் ‘ஓப்பில்’ என்ற குளிசை மருந்துச்சீட்டின்றி விற்பதற்கு அனுமதி பெற்றது; நாளாந்தக் கருத்தடைக் குளிசைகளுள் அந்நாட்டில் இவ்வனுமதி பெற்றது இதுவே முதல். இதிலுள்ள நொர்ஜெஸ்ற்றெல் புதிய கண்டுபிடிப்பன்று. இதே அளவிலான குளிசை 1973இலேயே மருந்துச்சீட்டுடன் விற்க அனுமதிக்கப்பட்டது. அரை நூற்றாண்டு கழிந்த மருந்து 2024 மார்ச்சில் விற்பனைக்கு வந்தபோது கம்பனி பரிந்துரைத்த விலைகள் இவை: ஒரு பொதி 19.99 டொலர், மூன்று பொதிகள் 49.99, கம்பனியின் இணையத்தளத்தில் ஆறு பொதிகள் 89.99.

பொதியொன்றில் 28 குளிசைகள். ஆண்டுக்குப் பதின்மூன்று பொதிகள் வேண்டும். ஒவ்வொன்றாக வாங்குபவள் 259.87 டொலர் செலுத்துவாள். 2009இலிருந்து உயர்த்தப்படாத 7.25 டொலர் என்ற சமஷ்டிக் குறைந்தபட்சக் கூலியில் அது ஏறத்தாழ 36 மணித்தியால உழைப்பு. 1960இன் நூறு மணித்தியாலத்தோடு ஒப்பிடின் இது முன்னேற்றமே. அதனை மறுப்பது நேர்மையாகாது. பல மாநிலங்களிற் கூலி இதனினும் அதிகம் என்பதையும் கூறவேண்டும். ஆனால் வேறொரு கணக்கும் உண்டு. ஆறு பொதிகளைத் தனித்தனியே வாங்குபவள் 119.94 டொலர் கொடுக்கிறாள். ஒருங்கே வாங்குபவள் 89.99. வேறுபாடு 29.95 டொலர், குறைந்த கூலியில் நான்கு மணித்தியாலத்துக்குச் சற்று அதிகம். கையில் ஒரே வேளையில் தொண்ணூறு டொலர் இல்லாதவள் என்ற காரணத்துக்காகவே அவள் இதனைச் செலுத்துகிறாள். தோட்டத்துக் கடையிற் கால் இறாத்தல் சீனி வாங்குவோர் இவ்விதியை அறிவர்.

காப்புறுதியுள்ளோர்க்கும் இங்கு பாதுகாப்பு முழுமையன்று. சமஷ்டி விதிகளின்படி, மருந்துச்சீட்டு இருந்தாலன்றி ஓப்பிலுக்குப் பணம் கொடுக்கக் காப்புறுதிக் கம்பனி கட்டுப்பட்டதன்று. அதாவது சீட்டு வேண்டாம் என்ற விடுதலையைப் பயன்படுத்துபவள் அக்கணமே காப்புறுதியற்றவளாகிறாள். இதனை மாற்றும் விதியொன்று 2024 ஒக்டோபரில் முன்மொழியப்பட்டது. 2025 ஜனவரியில், ஆட்சி மாறுவதற்குச் சில நாட்களுக்கு முன்னர், அது மீளப்பெறப்பட்டது. அமெரிக்கக் குடித்தொகைத் திணைக்களத்தின் கணக்குப்படி 2023இற் காப்புறுதியற்றோர் 2 கோடி 60 இலட்சத்துக்கு மேல். 2025 யூலை 4இற் சட்டமாகிய வரவுசெலவு ஏற்பாடுகள் மெடிக்கெயிட்டைக் குறைத்துள்ளன. அவற்றால் 2034 அளவில் இத்தொகையோடு மேலும் ஒரு கோடிப் பேர் சேர்வர் எனக் காங்கிரசின் வரவுசெலவு அலுவலகம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களுட் பிள்ளை பெறும் வயதினர் ஆறு பொதிகளை ஒருங்கே வாங்குவோரா, ஒவ்வொன்றாக வாங்குவோரா என்பதை அம்மதிப்பீடு கூறவில்லை.